பனிமலைக்குக் கிளம்பும் முன் கிருஷ்ணகிரியிலேயே பழக வேண்டியவை

போன தை மாதம் என் அக்கா மகன் ஓசூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். பின்னாலேயே அவனோடு ஷிஃப்ட் பார்க்கும் ஐந்து பேர். முந்தின வருஷம் ஒரு குழுவோடு சேர்ந்து உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறிவிட்டு வந்த பிள்ளைகள். 12,500 அடி உச்சியில் நின்று எடுத்த படம்தான் ஆறு பேர் போனிலும் முகப்பு. இந்த முறை மார்ச்சில் மணாலிக்குப் போய், சோலாங்கிலிருந்து பியாஸ் குண்ட் ஏரிப் பக்கம் தாங்களாகவே நடக்கப்போவதாகச் சொன்னான். கைடு வேண்டாமாம்.

"வழியெல்லாம் போன்லயே இருக்குது மாமா."

வழி இருக்கிறது, சரி. அந்த வழிக்கு மேலே இருக்கும் சரிவில் எத்தனை அடி பனி, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று யார் பார்ப்பது? அது அறுந்து மொத்தமாக இறங்கினால் அதுதான் பனிச்சரிவு, ஆளையே புதைத்துவிடும். ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்தேன். அதில் ஐந்து குளிர்காலம் காஷ்மீரில், பீர் பஞ்சால் மலையில், பனி மூடிய பாதையைத் திறந்துவிடும் வேலை. இப்போது காவேரிப்பட்டணம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். பிள்ளைகளைத் திட்டி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. "நாலு ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுங்க. அப்புறம் போறதா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அந்த நாலு நாளும் என்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். நம் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பிள்ளைகள் இமயமலைக்குப் போகிறார்கள். இதில் பாதிக்கு மேல் பனியைக் கண்ணால் பார்க்காமலே, நம் ஊரிலேயே பழகிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சொல். நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடிகாலையில் மாவிலையில் சொட்டுகிற பனி. "பனி பெய்யுது, தலையில துண்டு போட்டுக்கோ" என்று அம்மா சொல்கிற பனி. அங்கே இருப்பதை 'பரஃப்' என்பார்கள். நான் இங்கே பனி என்று எழுதுவதெல்லாம் அதைத்தான். அது கனம். புதிதாக விழுந்தது ஒரு கன மீட்டர் 100 கிலோ வரை இருக்கும். சரிந்து வந்து நின்ற பிறகு அதே கன மீட்டர் 400, 500 கிலோ ஆகிவிடும், சிமெண்டுக் கலவை போல இறுகியும் விடும். புதைந்தவரால் ஒரு விரலை அசைக்க முடியாது.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல்சாவடியில் 19ஆவது மெட்ராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் ஒருவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளை. ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருவரை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். "அவர் ஆறு நாள் இருந்தாரே மாமா" என்று ஒரு பையன் கேட்டான். கூடாரத்துக்குள் காற்றுக்கு இடம் இருந்ததால் அவர் தாங்கினார். வெறும் பனியில் புதைந்தவருக்கு நிமிடக் கணக்குதான். பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர். நான் கீழே சொல்லப்போகும் எல்லா வேலையும் இந்த இரண்டு கணக்குக்குள் அடங்க வேண்டும்.

கிரஷர் மேடு

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல் கிரஷருக்குக் கூட்டிப்போனேன். முதலாளியிடம் முன்பே கேட்டுக்கொண்டோம். குவியல்மேல் ஏறக்கூடாது, அடியைத் தோண்டக்கூடாது, பக்கத்தில் நின்று பார்ப்பதோடு சரி. பெல்ட்டிலிருந்து கொட்டும் கிரஷர் டஸ்ட் தானாகவே ஒரு கூம்பாக நிற்கும். மேலே இன்னும் கொட்டக் கொட்டக் கூம்பு பெரிதாகும், ஆனால் அதன் சரிவு மட்டும் மாறாது.

பள்ளிக்கூட ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் பாகைமானி ஒன்று போதும். நடு ஓட்டையில் நூல் கட்டி, நூல் முனையில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். பாகைமானியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் நேர் விளிம்பைக் குவியலின் சரிவுக் கோட்டோடு கண்ணால் ஒட்டவையுங்கள். நூல் 90-இலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறதோ அதுதான் சரிவு. டஸ்ட் குவியல் 36 காட்டியது. முக்கால் ஜல்லி 38.

மனிதர்களைக் கொல்லும் பனிச்சரிவு பெரும்பாலும் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் நடுவில்தான் கிளம்புகிறது. அதிலும் மிகுதியாக 38-ஐ ஒட்டி. 30-க்குக் கீழே பனி பெரும்பாலும் உட்கார்ந்தே கிடக்கும். 50, 55-க்கு மேலே சேரச் சேர உதிர்ந்துகொண்டே இருப்பதால் மொத்தமாக நிற்காது. ஆக, அந்தக் கிரஷர் மேடு எப்படித் தெரிகிறதோ அப்படித் தெரியும் வெள்ளைச் சரிவுதான் உங்கள் எமன். அந்தச் சாய்வைக் கண் மறக்காத அளவுக்குப் பாருங்கள். பைக்கில் போகும்போது சாலையோரம் கொட்டியிருக்கும் ஒவ்வொரு குவியலையும் "எத்தனை?" என்று உங்களையே கேட்டுப் பழகுங்கள். எங்கள் பையன்கள் முதல் நாள் 36-ஐ "ஐம்பது இருக்கும்" என்றார்கள். மூன்றாவது வாரம் இரண்டு பாகை வித்தியாசத்தில் சொன்னார்கள்.

போன் செயலிகளில் சரிவை வண்ணமடித்துக் காட்டும் வரைபடங்கள் உண்டு. வீட்டில் உட்கார்ந்து வழியைத் திட்டமிட அவை நல்லது. ஆனால் இமயமலைக்கு அவற்றின் அளவு அவ்வளவு நுணுக்கமில்லை. பத்து மீட்டர் உயரத்தில் ஒரு செங்குத்துத் துண்டு இருந்தால் வரைபடத்தில் அது மழுங்கிப் போயிருக்கும். அந்தப் பத்து மீட்டர் போதும்.

அன்று மாலையே கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு ஏறினோம். சையத் பாஷா மலை என்கிறோமே, அதுதான். நம் ஊர்ப் பாறை மலைகள் யானை முதுகு மாதிரி. மேலே நிற்கும்போது தட்டையாகத் தெரியும், நாலு அடி கீழே வைத்தால் சாய்வு கூடும், இன்னும் நாலு அடியில் அதற்கும் கூடும். கீழே என்ன இருக்கிறது என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. பனிமலையிலும் இப்படி முதுகு வளையும் இடத்தில்தான் பனி இழுபட்டு நிற்கும். ஆள் காலை வைத்ததும் பல சமயம் அங்கேதான் அறுந்து கிளம்பும். இறங்கும்போது இந்த மாதிரி முதுகைக் கண்டால் சுற்றிப் போங்கள்.

இன்னொன்று, நான் மறுபடி மறுபடி சொன்னது. நீங்கள் நிற்கும் தரை தட்டையாக இருப்பதால் ஒன்றும் தப்பவில்லை. தலைக்கு மேலே 35 பாகைச் சரிவு இருந்தால் அது வந்து நிற்கும் இடம் உங்கள் தட்டைத் தரைதான். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் மலையேறப் போனவர்கள் அல்ல. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டில் மானா கிராமத்துப் பக்கம் சாலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த முகாமை மூடியது, எட்டுப் பேர் போனார்கள். கூடாரம் அடிக்கும் முன் மேலே பாருங்கள். காட்டுக்கு நடுவில் மேலிருந்து கீழே ஒரு பட்டை மட்டும் மரமே இல்லாமல் இருந்தால், ஓரத்து மரங்களில் மலையின் மேல்பக்கம் பார்த்த கிளைகள் மட்டும் முறிந்திருந்தால், அது பனி இறங்கும் தடம். அங்கே டீ போடக்கூட உட்காராதீர்கள்.

கேழ்வரகும் பலகையும்

எங்கள் அப்பா கிணறு வெட்டும் கூட்டத்தில் மண் சுமந்தவர். கடப்பாரை இறங்கும் சத்தத்திலேயே மேல்மண் முடிந்ததா, சரளை வந்ததா, பாறை தட்டியதா என்று சொல்வார். பனியும் அப்படி அடுக்கடுக்காகத்தான் கிடக்கிறது. நவம்பரில் விழுந்தது அடியில், அதன்மேல் டிசம்பரில் வெயில் பட்டு இறுகிய ஓடு, அதன்மேல் காற்று கொண்டுவந்து அப்பிய பனி, மேலே நேற்று விழுந்த மாவு. மேல் அடுக்கு கெட்டியாக, பலகை போல ஒட்டிப் பிடித்திருக்கும். ஸ்லாப் என்போம். அதன் அடியில் ஓர் அடுக்கு உதிரியாக இருந்தால், ஓர் இடத்தில் நீங்கள் மிதித்ததும் அந்த உதிரி அடுக்கு சரிந்து, அந்தச் சரிவு நொடியில் பக்கவாட்டில் ஓடி, மொத்தப் பலகையும் உங்களைச் சுமந்துகொண்டு கிளம்பிவிடும். சிக்கியவர்களின் கணக்கைப் பார்த்தால் பத்தில் ஒன்பது பனிச்சரிவைக் கிளப்பியது அவர்களோ அவர்கள் கூட வந்தவர்களோதான். மலை தானாகத் தள்ளிவிட்டது மிகக் குறைவு.

அந்த உதிரி அடுக்கு எப்படி வருகிறது என்பது நம் ஆட்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். பனி நிறைய இருந்தால்தான் ஆபத்து என்று நினைப்போம். குறைவாக இருக்கும் இடத்தில்தான் அடி கெட்டுப்போகும். தரை கிட்டத்தட்ட 0 பாகை செல்சியஸில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 15 என்று வையுங்கள். நடுவில் 50 சென்டிமீட்டர் பனிதான் என்றால் 10 சென்டிமீட்டருக்கு 3 பாகை வித்தியாசம். 10 சென்டிமீட்டருக்கு 1 பாகையைத் தாண்டினாலே கீழிருந்து ஆவி மேலேறி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ரேஷன் கடைச் சர்க்கரை மாதிரி ஆகிவிடும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழியும். லடாக், காரகோரம் பக்கம் குளிர் அதிகம், பனி குறைவு என்பதால் இந்தச் சர்க்கரை மாதக்கணக்கில் கிடக்கும். பீர் பஞ்சாலில் பனி ஆழம், குளிர் சற்றுக் குறைவு, அதனால் சீக்கிரம் இறுகும். ஆனால் அங்கேயும் முன்பனிக் காலத்தில் மெல்லிசாகக் கிடந்த பகுதிகளை நம்பமாட்டோம்.

இன்னொரு உதிரி உண்டு. ஜனவரியில் ஊட்டிக்குப் போனவர்கள் விடிகாலையில் புல்மேல் வெள்ளையாக உறைபனி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் பனியின் மேலேயும் அது இறகு இறகாகப் பூக்கும். பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த பனி அதை மூடிவிட்டால், வாரக்கணக்கில் அப்படியே உள்ளே நின்றுகொண்டிருக்கும்.

இரண்டாவது ஞாயிறு இதைத் தோப்பில் செய்து காட்டினேன். நீங்களும் செய்யலாம். இரண்டடிக்கு ஒன்றரையடி பிளைவுட் துண்டு ஒன்று. அதன்மேல் சாக்கை இறுக்கி ஆணியடியுங்கள், இது தரை. சாக்கின்மேல் ஒரு விரல் கனத்துக்குக் கேழ்வரகைப் பரப்புங்கள். அதன்மேல் லேசாக ஈரமாக்கிய கிரஷர் டஸ்டை இரண்டு விரல் கனத்துக்குப் போட்டு, கொல்லத்துக்காரர் கரணையால் மட்டமாக அழுத்துங்கள். இப்போது பலகையின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, கீழே செங்கல்லை அடுக்குங்கள். இருபதில் ஒன்றும் ஆகாது. இன்னும் ஒரு கல் வைத்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு விரலால் தட்டுங்கள்.

எங்கள் பலகையில் 27-இல் அது நடந்தது. தட்டிய இடத்தில் குழி விழவில்லை. மேலே ஒரு கோடு விரிந்தது, மொத்தப் பாளமும் ஒரே துண்டாக வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்து உடைந்தது. ஆறு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதே டஸ்டைக் கேழ்வரகு இல்லாமல் சாக்கின்மேல் நேராக அழுத்தி வைத்தோம். எத்தனை கல் அடுக்கியும் தட்டியும் அது அசையவில்லை. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. என் மருமகனுக்கு அன்றுதான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

மலையில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் குழி வெட்ட வேண்டும். போகப்போகும் சரிவைப் போலவே முகம் பார்த்த, ஆனால் ஆபத்தில்லாத சின்னச் சரிவில் வெட்டுங்கள். சுவரை மண்வாரியால் நேராகச் சீவிவிட்டு, மேலிருந்து கீழே ஒவ்வொரு அடுக்கையும் குத்திப் பாருங்கள். முஷ்டி நுழைந்தால் மிக மெத்து, அடுத்து நான்கு விரல், அடுத்து ஒரு விரல், அடுத்து பென்சில், கடைசியில் கத்திதான் நுழையும் என்றால் கெட்டி. பென்சில் அடுக்குக்குக் கீழே முஷ்டி அடுக்கு இருந்தால் அதுதான் நம் கேழ்வரகுப் பலகை. பிறகு 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் தூண் ஒன்றை எல்லாப் பக்கமும் அறுத்துத் தனியாக நிறுத்தி, அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முதல் பத்திலோ இரண்டாவது பத்தின் தொடக்கத்திலோ கத்தி வைத்து அறுத்தது போல ஒரு துண்டு வழுக்கி முன்னால் வந்தால் அந்தச் சரிவை விட்டுவிடுங்கள். முப்பது தட்டுக்கும் உடையவில்லை என்றால்? அந்தக் குழி இருந்த இடத்தில் உடையவில்லை, அவ்வளவுதான். இருபது மீட்டர் தள்ளி வேறு கதை இருக்கலாம். குழி 'போகாதே' என்றால் கேளுங்கள். 'போகலாம்' என்று சொன்னால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியது

சண்டிகரில் இருக்கும் டிஜிஆர்இ என்ற பாதுகாப்புத் துறை ஆய்வகம் குளிர்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. முன்பு சாசே என்று சொல்வோம், 1969-இல் தொடங்கியது, 2020-இல் வேறொரு ஆய்வகத்தோடு சேர்ந்து இந்தப் பெயர் வந்தது. அந்தந்த மாநிலப் பேரிடர் மேலாண்மைத் துறைகளும் அதை அறிவிக்கும். எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல், எந்த மாவட்டத்தில், என்ன அளவு ஆபத்து என்று இருக்கும். உலகத்தில் பொதுவாக ஆபத்தை ஐந்து படியாகப் பிரிக்கிறார்கள். ஐந்தாம் படியில் யாரும் வெளியே போகமாட்டார்கள். சாவு அதிகம் விழுவது மூன்றாம் படியில். "நடுவுலதானே இருக்குது, பாத்துக்கலாம்" என்று போகிற நாள் அது. இரண்டு என்றால் கவனம், மூன்று என்றால் 30 பாகையைத் தொடவே கூடாது என்று எங்கள் பையன்களுக்குச் சொல்லிவைத்தேன்.

வானிலைத் துறை 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' வருகிறது என்று சொன்னால் மேற்கிலிருந்து பனிப்பொழிவு வருகிறது என்று பொருள். ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் விழுந்தால் அது பெரிய சுமை. விழுந்து முடிந்த முதல் நாளும் இரண்டாவது நாளும்தான் மிக மோசம். ஆனால் அந்த நாளில்தான் வானம் நீலமாகி, படம் எடுக்க ஆசை காட்டும். மணாலியில் லாட்ஜில் படுத்துக்கிடங்கள். லீவு முடிகிறது, டிக்கெட் போட்டாகிவிட்டது என்பதெல்லாம் பனிக்குத் தெரியாது. காற்று பனி விழாமலே பனி சேர்க்கும். முகட்டின் ஒரு பக்கத்திலிருந்து வாரி மறுபக்கத்தில் கொட்டும், அது விழுகிற வேகத்தைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூட. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். மறைவுப் பக்கச் சரிவும், முகட்டில் கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும் பனியும் வேண்டாம்.

நடக்கும்போது

காலடியில் 'வூம்ப்' என்று ஒரு சத்தம், பெரிய சாக்கு மூட்டையைத் தரையில் போட்டது போல. அது உள்ளே உதிரி அடுக்கு அமுங்கும் சத்தம். காலிலிருந்து முன்னால் விரிசல் ஓடுவது இன்னொன்று. பக்கத்துச் சரிவில் நேற்றோ இன்றோ சரிந்த தடம் மூன்றாவது. இதில் ஒன்றைக் கண்டாலும் வந்த காலடியிலேயே திரும்புங்கள். கூடி நின்று விவாதிக்க வேண்டாம். மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறியதும் தெற்கு பார்த்த சரிவுகளில் சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருளத் தொடங்கும். ஈரப்பனி இறங்கப்போகிறது என்ற முன்னறிவிப்பு அது. அந்தச் சரிவுகளை விடியும் முன், இரவுக் குளிரில் இறுகியிருக்கும்போதே தாண்டிவிட வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பணியில் சேர்ந்து ஆறாவது வருஷம், ஒரு மார்ச் மாதம். எந்தப் பிரிவு, எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். நாலா என்று சொல்லும் மலை ஓடைப் பள்ளம் ஒன்றை ஆறு நாளாக விடியற்காலையில் தாண்டிப் போய், வேலை முடித்து, மறுநாள் விடியலில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏழாவது நாள் வேலை சீக்கிரம் முடிந்தது. பகல் ஒன்றரை மணி. "நேத்தும் இதே வழிதானே" என்று யாரோ சொன்னார்கள். யார் என்று எனக்கு நினைவிருக்கிறது, ஆனால் அன்று நாங்கள் எல்லோருமே அதைத்தான் நினைத்தோம். இடைவெளி விடாமல் நடந்தோம். மேலிருந்து வந்தது பெரிய பனிச்சரிவுகூட இல்லை, ஒரு வீட்டு முற்றத்து அகலம்தான். இரண்டு பேரை மூடியது. அந்தக் காலத்தில் சிவப்பு நிற நீளக் கயிறு ஒன்றை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டே நடப்போம். ஆள் புதைந்தாலும் கயிற்றில் கொஞ்சமாவது மேலே தெரியும் என்ற நம்பிக்கை. ஒருவர் கட்டியிருந்தார். அவரைப் பதினோரு நிமிடத்தில் எடுத்தோம், இன்றும் பொங்கலுக்கு போன் பண்ணுகிறார். மற்றவரின் கயிறு அவர் சட்டைப் பையில் சுருட்டியபடி இருந்தது. வரிசையாக நின்று கம்பியால் குத்திக் குத்தித் தேடி எடுக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. அவருக்கு விழுப்புரம் பக்கம் ஊர். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அதனால் சொல்கிறேன். சரிவைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒருவர் ஒருவராகத் தாண்டுங்கள். மற்றவர்கள் ஆபத்தில்லாத இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், போனைப் பார்க்கக் கூடாது. ஊன்றுகோலின் கைவாரைக் கழற்றிவிடுங்கள். கீழே பள்ளம், ஓடை, பாறை முனை, மரக்கூட்டம் இருந்தால் சின்னப் பனிச்சரிவுகூடக் கொன்றுவிடும், அங்கே வேறு வழி பாருங்கள். நேற்று போனேன் என்பது இன்றைக்குக் காரணம் ஆகாது. தேர்ந்தவர்கள் கூட இருக்கிறார்கள் என்பதும் அப்படித்தான். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டில் திரௌபதி கா டண்டா மலையில் சிக்கியது மலையேற்றப் பயிற்சியில் இருந்த குழு, கூடவே பயிற்சியாளர்கள்.

வைக்கோல் போரும் மண்வாரியும்

ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் இருக்க வேண்டும். குழுவுக்கு ஒன்று போதாது, ஏனென்றால் அந்த ஒன்றை வைத்திருப்பவனே புதைந்துபோகலாம். ஒன்று டிரான்சீவர், 457 கிலோஹெர்ட்சில் பேசும் சின்னப் பெட்டி, எந்தக் கம்பெனியுடையதும் மற்றதோடு பேசும். புதைந்தவரின் பெட்டி விடும் சிக்னலை மற்றவர் பெட்டி பிடித்து இடத்தைக் காட்டும். இரண்டு, மடித்து விரிக்கும் கம்பி, 240 சென்டிமீட்டருக்குக் குறையாமல். மூன்று, அலுமினிய மண்வாரி. பிளாஸ்டிக் வேண்டாம், இறுகிய பனியில் வளைந்துவிடும். இந்த மூன்றும் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடியாவிட்டால் சரிவுள்ள பக்கம் போவதையே விட்டுவிடுங்கள். காட்டுக்குள் தட்டையான வழிகள் எவ்வளவோ இருக்கின்றன.

டிரான்சீவரைக் காலையில் அறையிலேயே ஆன் செய்து, உள்சட்டையோடு ஒட்டிக் கட்டிக்கொண்டு, மாலையில் திரும்பி வந்துதான் அணைக்க வேண்டும். ஆல்கலைன் பேட்டரி போடுங்கள், ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம். போன், கேமரா, காந்தப் பொத்தான் எல்லாம் அதிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி. பெங்களூரு நண்பர் ஒருவரிடம் இரண்டு பெட்டி கடன் வாங்கி மூன்றாவது ஞாயிறு தோப்பில் பழகினோம். ஒன்றை மாமர வரிசைகளுக்கு நடுவே சருகுக்குள் ஒளித்துவைத்து, மற்றதைத் தேடும் நிலைக்கு மாற்றி, 40 மீட்டர் இடைவெளியில் பாட்டை பிடித்து நடக்கச் சொன்னேன். ஒலி கிடைக்கும் வரை ஓட்டம். பெட்டியில் தெரியும் தூரத்தின் எண் குறையக் குறைய நடை. மூன்று மீட்டருக்குள் வந்ததும் முழங்காலிட்டு, பெட்டியைத் தரையோடு வைத்து, சிலுவை போட்டது போல முன்னும் பின்னும் இடமும் வலமும் நகர்த்தி மிகக் குறைந்த எண்ணைப் பிடிக்க வேண்டும். முதல் தடவை ஒன்பது நிமிடம். சாயங்காலத்துக்குள் மூன்றானது.

கம்பி குத்துவதற்கு வைக்கோல் போர் நல்ல வாத்தியார். உள்ளே ஓரிடத்தில் தவிட்டு மூட்டை, ஓரிடத்தில் கல், ஓரிடத்தில் மரக்கட்டை ஒளித்துவைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு 8 எம்எம் கம்பியால் குத்தச் சொன்னேன். கல் 'டக்' என்று கையில் அடிக்கும். மூட்டை கொஞ்சம் வாங்கிக்கொடுத்துத் திருப்பித் தள்ளும். மனித உடம்பும் அப்படித்தான். குறைந்த எண் கிடைத்த இடத்திலிருந்து சுருள் சுருளாக, 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. சரிவுக்குச் செங்குத்தாகக் குத்த வேண்டும். தட்டியதும் கம்பியை வெளியே எடுக்காதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள்.

தோண்டுவதுதான் எல்லாவற்றிலும் நேரத்தைத் தின்னும் வேலை. ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ளிப்போட வேண்டியிருக்கும். மாட்டுக் கொட்டகைக்கு வாங்கிய ஒரு டிப்பர் டஸ்ட் தோப்பில் கிடந்தது. முதல் நாள் இரவே தண்ணீர் விட்டு இறுகவைத்து, உள்ளே வைக்கோல் திணித்த சாக்கை ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்தேன். சாக்கைத்தான் புதைக்க வேண்டும். விளையாட்டுக்குக்கூட ஆளைப் புதைக்காதீர்கள், மணலும் பனி போலவே மூச்சை அடைக்கும். பையன்கள் ஆறு பேரும் கம்பியைச் சுற்றிக் கிணறு வெட்டுவது போல நேராகக் கீழே வெட்டினார்கள். ஒருவன் அள்ளியது இன்னொருவன் காலில் விழுந்தது. பத்தொன்பது நிமிடம். பிறகு முறையைச் சொன்னேன். கம்பியின் கீழ்ச்சரிவுப் பக்கம் போங்கள். எவ்வளவு ஆழமோ அதைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று, அங்கிருந்து உள்ளே குடைந்து போங்கள். ஒருவன் முன்னால் வெட்ட, பின்னால் இரண்டிரண்டு பேர் அதைத் துடுப்பு போடுவது போலப் பின்னுக்குத் தள்ள, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவன் மாற வேண்டும். தூக்கி வீசாதீர்கள், தள்ளுங்கள். நாலாவது ஞாயிறு எட்டு நிமிடம்.

முகம் தெரிந்ததும் வாயிலும் மூக்கிலும் இருக்கும் பனியை எடுங்கள், மார்பை விடுவியுங்கள். மூச்சு இல்லையென்றால் உடம்பு முழுவதையும் வெளியே எடுக்கும்வரை காத்திராமல் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். புதைந்து இறப்பவர்களில் நாலில் மூன்று பங்கு மூச்சடைத்துத்தான் இறக்கிறார்கள். உதவிக்கு ஆளனுப்புவது இதற்கெல்லாம் பிறகு. ஆள் கூட்டிவர ஓடியவன் திரும்பும்போது நேரம் தாண்டியிருக்கும். சிக்கிக்கொண்டவர் நீங்களே என்றால், முதலில் கத்துங்கள், பக்கவாட்டில் வெளியேறப் பாருங்கள், முடியாவிட்டால் மேலேயே இருக்கக் கைகாலை அடியுங்கள். வேகம் குறையும்போது ஒரு கையை முகத்துக்கு முன்னால் வளைத்துக் காற்றுக்கு இடம் பண்ணுங்கள். நின்ற பிறகு அதற்கு வழியிருக்காது.

கடைசி ஞாயிறு சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து ஆறு பேரும் தங்களுக்குள் பேசினார்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கைடாக வைப்பது, எச்சரிக்கை மூன்று என்றால் காட்டு வழி மட்டும், 30 பாகையைத் தொடுவதில்லை, ஆறில் ஒருவன் 'வேண்டாம்' என்றாலும் காரணம் கேட்காமல் திரும்புவது. இதில் கடைசியாக இருப்பதைச் சொன்னது என் மருமகன் அல்ல, கூட்டத்திலேயே சின்னவன்.

ஒரு வேலை பாக்கியிருந்தது. வெளிநாட்டு சேட்டிலைட் போன் அனுமதியில்லாமல் நம் நாட்டில் வைத்திருக்கக் கூடாது, சிக்னலோ சோலாங்குக்கு மேலே போகப்போக நம்ப முடியாது. அதனால் வீட்டில் ஒரு தாள் இருக்க வேண்டும். எந்த வழி, எந்த நாள், இறங்கி போன் பண்ணும் நேரம், எத்தனை மணி வரை போன் வராவிட்டால் 112-ஐ அழைத்து இமாச்சலப் பிரதேசம், குல்லு மாவட்டம், இன்ன இடம் என்று சொல்ல வேண்டும், கைடு பெயர், ஆறு பேர் ரத்த வகை. மருமகன் முதலில் ஆங்கிலத்தில் எழுதினான். "உங்கம்மாதானே படிக்கணும்" என்றேன். கிழித்துப்போட்டுவிட்டுத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதினான். அக்கா அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, கைடு பெயரை மட்டும் மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, முருகர் படத்துச் சட்டத்தில் செருகிவைத்தாள்.